பட்டதாரிக்குப் பட்ட கடன்

மாட்டுத்தாவணி என்றால் இன்று பேருந்து நிலையம். 1999இல் அது திறக்கப்படுவதற்கு முன் அந்தப் பெயர் மாட்டுச் சந்தைக்கு உரியது. தாவணி என்பது, பழைய அகராதியைப் புரட்டினால், நீண்டதொரு கயிறு. இடைவெளிவிட்டு அதில் சிறுகயிறுகளை முடிந்து மாடுகளை வரிசையாகக் கட்டுவார்கள். கட்டிவைத்து விலை பேசும் இடத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. மதுரைக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கத் துண்டறிக்கைகளில் 'வாழ்நாள் பிணைப்பு' என்னும் சொற்றொடரைக் காணும்போதெல்லாம் எங்களுக்கு இந்தக் கயிறு நினைவுக்கு வருகிறது. கயிற்றின் மேல் எங்களுக்குப் பகை எதுவும் இல்லை. கட்டிய இடத்தில் தண்ணீர்த் தொட்டி உண்டா, ஒரு பிடி வைக்கோல் உண்டா என்பதே எங்கள் கேள்வி.

நாங்கள் ஏழெட்டுப் பேர். வெவ்வேறு ஆண்டுகளில் மதுரைக் கல்லூரிகளில் படித்துவிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, வாசித்ததைப் பேசிக் கலைகிறவர்கள். பெரும்பாலோர் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள். எங்களில் நால்வர் ஒரே கல்லூரியின் பழைய மாணவர்கள். அந்தக் கல்லூரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது ஒரு கல்லூரியின் மீதான புகாராகச் சுருங்கிவிடும். பக்கத்துக் கல்லூரிகள் நிம்மதியாகப் பெருமூச்சு விடும். அந்த நிம்மதியை அவற்றுக்குத் தர எங்களுக்கு மனமில்லை.

சென்ற ஆண்டு அந்தக் கல்லூரியின் சங்கம் ஆயுள் சந்தா கட்டியவர்களுக்கு ஓர் அட்டை வழங்கியது. பளபளப்பான அட்டை, பெயர், பயின்ற ஆண்டு, கல்லூரி முத்திரை எல்லாம் உண்டு. அதைக் காட்டினால் ஒரு துணிக்கடையில் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி. ஒரு மருத்துவமனையில் முழு உடற்பரிசோதனைக்குச் சலுகை. ஒரு விடுதியில் விழா அரங்கு வாடகையில் கழிவு. ஆண்டுக் கூட்டமும் மாட்டுத்தாவணிக்கு அருகில் குளிரூட்டப்பட்ட அரங்கு ஒன்றில்தான் நடந்தது. கல்லூரி வளாகத்தில் ஏன் இல்லை என்று கேட்டோம். வெளியூர்க்காரர்கள் பேருந்தைவிட்டு இறங்கியதும் வந்துவிடலாம், இரவு ஆம்னி பேருந்தைப் பிடித்துச் சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ திரும்பிவிடலாம் என்றார்கள். வசதிதான். கல்லூரியைக் கண்ணால் காணாமலேயே கல்லூரி உறவைப் புதுப்பித்துக்கொண்டு போகும் வசதி.

எங்கள் தோழி ஒருவர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே போனார். அவர் அங்கே முதுகலையும் எம்.ஃபில். பட்டமும் முடித்தவர், இப்போது அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. எம்.ஃபில். ஆய்வுக்காகத் தம் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பாடப்பட்டுவந்த ஒப்பாரிகளைத் தொகுத்திருந்தார். பாடிக் கொடுத்தவர்களில் அவருடைய அப்பத்தாவும் ஒருவர். அந்தப் பெண்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் இருவர்தாம். ஒலிநாடாக்கள் பூசணம் பிடித்துப் போய்விட்டன. கையிலிருந்த படியை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியிருப்பது கல்லூரிக்குக் கொடுத்த படி ஒன்றே. அது துறை அலமாரியிலோ நூலகத்தின் மேல்தளத்திலோ இருக்கிறது.

முதல் முறை போனபோது, நூலகம் நடப்பு மாணவர்களுக்கு மட்டும் என்றார்கள். இரண்டாம் முறை, முதல்வரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். முதல்வர் ஊரில் இல்லை. மூன்றாம் முறை அட்டையை நீட்டினார். மேசைக்குப் பின்னாலிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலில் கடுமை சிறிதும் இன்றி, "இது கடைகளுக்குங்க டீச்சர், லைப்ரரிக்கு இல்ல" என்றாராம். அவர்மீது எங்களுக்கு வருத்தமில்லை. தமக்கு இடப்பட்ட விதியை அவர் சொன்னார். ஆனால் பழைய மாணவர் உறவு குறித்து இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் துல்லியமான ஒன்று கிடையாது.

ஓர் ஆய்வேடுதானே என்று தள்ளிவிட முடியாது. தென்மாவட்டக் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் நாட்டார் வழக்காறும் பயின்ற பிள்ளைகள், தத்தம் ஊர்களைப் பற்றி எழுதிக் கொடுத்த எம்.ஃபில். ஏடுகள் கல்லூரி அலமாரிகளை நிறைத்திருக்கின்றன. ஊர்க்கோயில், கண்மாய்ப் பாசனம், சந்தை, தாலாட்டு, விடுகதை, சாமியாட்டம் என்று வேறு எந்தப் பேராசிரியரும் போய்ப் பார்த்திராத இடங்களை அந்த இடத்துப் பிள்ளைகளே போய்ப் பார்த்து எழுதியவை. தரத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கும். பல ஏடுகளில் முன்னுரையும் முடிவுரையும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவையாகவே இருக்கும். ஆனால் பின்னிணைப்பில் தகவலாளி பாடிய பாட்டு இருக்கிறதே, அது வேறெங்கும் கிடையாது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது. முனைவர் பட்ட ஏடுகளுக்காவது சோத்கங்கா என்னும் தேசிய மின்தொகுப்பு இருக்கிறது. எம்.ஃபில். ஏடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் துறைத்தலைவரின் அலமாரியே கதி. எழுதியவருக்கே அதைத் திறந்து காட்டாத கல்லூரி, யாருக்காக அதை வைத்துக் காக்கிறது?

மறுபக்கத்துக்கும் எங்களிடம் சான்று உண்டு. தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றி மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டை, 1989இல் அந்தப் பல்கலைக்கழகமே நூலாக வெளியிட்டது. கோயிலைக் கல்வெட்டோடு நிறுத்தாமல், அதைச் சுற்றியிருக்கும் சாதிகளின் கண்வழியாகவும் பார்க்கலாம் என்று தமிழ் வாசகருக்கு அது கற்றுக்கொடுத்தது. ஓர் உயர்கல்வி நிறுவனம் தன்னிடம் பட்டம் பெற்றவருக்குச் செய்யக்கூடிய சலுகை என்றால் அதுதான் சலுகை. அதற்கு அட்டை தேவைப்படவில்லை.

அட்டை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பழைய மாணவர்களின் மீது கல்லூரிகளுக்குத் திடீரென்று ஊற்றெடுத்த இந்தப் பாசத்துக்கு ஒரு முகவரி உண்டு. 1994இல் பெங்களூரில் அமைக்கப்பட்ட தேசிய மதிப்பீட்டுக் குழு, அதாவது நாக், கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகாரம் வழங்குகிறது. அதன் அளவுகோல்களில் ஐந்தாவதன் கீழ் 'பழைய மாணவர் ஈடுபாடு' என்றொரு பிரிவு. பதிவுசெய்யப்பட்ட சங்கம் இருக்கிறதா, அது கல்லூரிக்கு என்ன தந்தது என்று அது கேட்கும். 2017இல் திருத்தப்பட்ட கையேட்டில், இணைப்புக் கல்லூரிகளின் பழைய மாணவர் பங்களிப்பை லட்சக்கணக்கில் எழுதச் சொன்னார்கள். 5 லட்சத்துக்கு மேல் என்றால் உச்ச மதிப்பு, 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் அடிமட்டம். பழைய மாணவர் கல்லூரிக்கு என்ன கொடுத்தார் என்பதற்குக் கட்டம் இருந்தது. கல்லூரி பழைய மாணவருக்கு என்ன கொடுத்தது என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் எங்கள் கல்லூரிகள் எதையும் செய்வதில்லை என்பது ஊரறிந்தது.

ஆகவே சங்கங்கள் விறுவிறுவென்று பதிவாயின. இறுதியாண்டு மாணவர் 'பாக்கி இல்லை' சான்றிதழுக்கு வரிசையில் நிற்கும்போதே சங்கச் சந்தாவையும் வசூலித்துவிடும் வழக்கம் எங்கள் கல்லூரியில் வந்தது. இன்னும் மாணவராகவே இருக்கும் பிள்ளையிடம், பழைய மாணவர் என்ற பெயரில், மாற்றுச் சான்றிதழைப் பணயமாக வைத்து வாங்கும் தொகை அது. வாழ்நாள் பிணைப்பின் முதல் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

உலகில் எங்கும் இப்படித்தான் என்று சொல்லிவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி விருந்துகளும் உண்டு, நன்கொடை கேட்டு வரும் கடிதங்களும் உண்டு. அந்தச் சந்தை நம்முடையதைவிடப் பழையது. ஆனால் அதன் பட்டதாரிக்கு இரண்டு பொருள்கள் சேர்ந்து கிடைக்கின்றன. ஒன்று, பாட்லியன் நூலகத்தில் வாசிப்பாளர் அட்டை பெறும் உரிமை. மற்றொன்று, வாக்கு. பல்கலைக்கழக வேந்தரைத் தேர்ந்தெடுப்பவர்களில் அதன் பட்டதாரிகளும் அடக்கம்; 2024இல் வில்லியம் ஹேக் அப்படித்தான் தேர்வானார். அதைவிடச் சுவையானது, கவிதைப் பேராசிரியர் என்ற பதவி. 1708இலிருந்து இருந்துவரும் அந்தப் பதவிக்கு உரியவரையும் பட்டதாரிகள் வாக்களித்தே தேர்ந்தெடுக்கிறார்கள். மேத்யூ ஆர்னால்டும், ஆடனும், ஷேமஸ் ஹீனியும் வாக்குகளால் அந்த மேடை ஏறியவர்கள். முன்பெல்லாம் நேரில் வந்து வாக்களிக்க வேண்டும், 2010இலிருந்து இணையவழி. உலகின் எந்த மூலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாலும், எந்தக் கவிஞர் கவிதையைப் பற்றி உரையாற்ற வேண்டும் என்று சொல்லும் உரிமை அந்தப் பட்டதாரிக்கு உண்டு. எங்களுக்கு அந்த அட்டையையும் வேண்டாம், தள்ளுபடியையும் வேண்டாம். எங்கள் கல்லூரியின் நினைவுச் சொற்பொழிவுக்கு யாரை அழைப்பது என்பதில் ஒரு வாக்கு கிடைக்குமானால், ஆயுள் சந்தாவை இரண்டு முறை கட்டச் சித்தமாக இருக்கிறோம்.

பட்டதாரிக்குக் குரல் என்பது நம் மண்ணுக்கு அந்நியமான எண்ணமும் அன்று. 1923ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தில், பதிவுபெற்ற பட்டதாரிகள் ஆட்சிப் பேரவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்தது. தமிழ்நாட்டுச் சட்ட மேலவையில் பட்டதாரிகளுக்கென்று தொகுதிகள் இருந்தன. 1986இல் மேலவை கலைக்கப்பட்டபோது அவையும் போயின. 2010இல் மீண்டும் கொண்டுவரச் சட்டம் நிறைவேறியும் அது நடைமுறைக்கு வரவில்லை. படித்தவனுக்குத் தனி வாக்கு ஏன் என்ற கேள்வி நியாயமானது. சட்டமன்றத்தைப் பொறுத்தவரை நாங்களும் அந்தக் கேள்வியின் பக்கமே நிற்போம். ஆனால் ஒரு கல்லூரியின் விவகாரத்தில் அதில் படித்தவர்களுக்குக் குரல் வேண்டாம் என்று எந்தச் சமத்துவவாதியும் சொல்ல முடியாது. 2024இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பல மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்க முடியாமல் திணறி, ஆசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதன் முத்திரையிட்ட பட்டச் சான்றிதழ் எங்கள் எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறது. கணக்கைக் காட்டுங்கள் என்று பட்டதாரி என்ற தகுதியில் கேட்பதற்கு எங்களில் எவர் கையிலும் ஒரு வாக்குச் சீட்டு இருந்ததில்லை. நாளேட்டில் படித்து வருந்தினோம், அவ்வளவே.

மதுரையில் கல்லூரிக் கல்வியின் வேரைத் தோண்டினால், ஒரு பழைய மாணவர் கதை கிடைக்கிறது. பசுமலையில் 1881இல் தொடங்கி, பின்னர் வைகையின் வடகரைக்கு வந்த அமெரிக்கன் கல்லூரியின் நூலகத்துக்கு டேனியல் பூர் நினைவு நூலகம் என்று பெயர். பூர், மதுரைக்கு வருமுன் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல்வராக இருந்தவர். 1823இல் தொடங்கிய அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டது. மூடப்பட்ட கல்லூரியின் பழைய மாணவருக்கு என்ன சலுகை இருந்திருக்கும்? கூட்டம் கூட அரங்கில்லை, அட்டை கொடுக்க அலுவலகமில்லை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தன் முதல் பட்டத்தை அளித்தபோது, அதைப் பெற்ற இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். முன்னவர் பின்னவருக்கு ஆசிரியராகவும் இருந்தவர். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர். செமினரியில் படித்தவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் விடாமல் முயன்று, அதே வட்டுக்கோட்டையில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியை எழுப்பிக்கொண்டார்கள். தங்கள் பள்ளி செத்தபிறகு அதற்குப் பிள்ளை பெற்றுக்கொடுத்த மாணவர்கள் அவர்கள். இதை அங்கே கற்பித்த கல்விக்கும், திறந்து வைத்த நூல்களுக்கும் கிடைத்த பதில்மொய் என்றே நாங்கள் கொள்கிறோம்.

நூற்றாண்டுகள் பின்னால் போகவும் வேண்டாம். கருமுத்து தியாகராசர் 1949இல் தொடங்கிய தியாகராசர் கல்லூரியின் தமிழ்த்துறை வகுப்பறைகளில் சில ஆண்டுகளுக்குள் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன், இன்குலாப், பா. செயப்பிரகாசம், கா. காளிமுத்து. கற்பித்தவர்களில் ஔவை துரைசாமிப் பிள்ளையும் சி. இலக்குவனாரும் உண்டு. 1965இல் மொழிப்போரின்போது மாணவர்கள் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்தினார்கள். ஆசிரியரான இலக்குவனார் சிறை சென்றார். அதன்பின் இவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஒருவர் வாணியம்பாடியில் பேராசிரியரானார். ஒருவர் திரைப்பாடல் எழுதினார். ஒருவர் சட்டப் பேரவைத் தலைவரானார். ஒருவர் இடதுசாரிக் கலகக் கவிஞராகி, அரசுகள் முகம் சுளிக்கும்படி எழுதினார். மீரா சிவகங்கையில் இருந்துகொண்டு அன்னம் பதிப்பகத்தை நடத்தி, வேறு எவரும் அச்சிடத் துணியாத இளங்கவிஞர்களின் முதல் நூல்களை அழகாகப் போட்டார். கி. ராஜநாராயணனைக் கரிசல் வட்டத்துக்கு வெளியே கொண்டுபோன பதிப்பகங்களில் அதுவும் ஒன்று. தமிழ்ப் புதுக்கவிதையின் ஒரு கிளையே அந்தத் தெப்பக்குளத்துக் கல்லூரியின் தாழ்வாரத்திலிருந்து கிளம்பியது என்று சொன்னால் வானம்பாடிக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் ஒத்த கருத்துடையவர்களாக இருக்கவில்லை என்பது. பிணைப்பு நீடித்தது, கருத்து பிரிந்தது. இன்றைய பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுக்களின் முதல் விதி என்ன? அரசியல் பேசாதீர், மதம் பேசாதீர், குழுவின் மாண்பைக் காப்பீர். மிஞ்சுவது பிறந்தநாள் வாழ்த்தும் மனை விற்பனையும். அதாவது, எந்தப் பேச்சால் அந்த வகுப்பறை ஒரு காலத்தில் வகுப்பறையாக இருந்ததோ, அந்தப் பேச்சை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறார்கள். தொடர்பு என்னும் சொல்லுக்கு இப்போது ஒரே பொருள்தான்: வேலை வாங்கித் தரக்கூடியவரின் கைபேசி எண். அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கூட்டத்தில் முன்வரிசை யாருக்கு என்று பாருங்கள். ஆட்சிப் பணியாளர், மருத்துவமனை உரிமையாளர், கட்டுமானக்காரர். பின்வரிசையில், பேருந்து நடத்துநராக இருக்கும் பழைய மாணவர், கூரியர் அலுவலகத்தில் கணக்கெழுதும் பழைய மாணவர், தொகுப்பூதிய விரிவுரையாளர். இந்த ஊரில் வேலைக்கான தொடர்பு சாதிச் சங்கத்தின் வழியே ஓடுவது போதாதென்று, அதே ஓட்டத்துக்குக் கல்லூரியின் பெயரால் இன்னொரு வாய்க்கால் வெட்டுவதற்கு எதற்கு ஒரு சங்கம்?

பெண்கள் அந்தப் பின்வரிசையிலும் இல்லை. கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். 1953இல் ஃபாத்திமா கல்லூரி வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர் பெண் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் தோழியின் கல்லூரிப் பதிவேட்டைக் கேட்டால் தெரியும்: பெண்ணின் பெயர் தகப்பனாரின் தலைப்பெழுத்தோடும் தகப்பனாரின் முகவரியோடும் இருக்கிறது. மணமானபின் தலைப்பெழுத்து மாறுகிறது, ஊர் மாறுகிறது. அழைப்பிதழ் பிறந்த வீட்டுக்குப் போய், அண்ணன் மனைவியின் அலமாரியில் தங்கிவிடுகிறது. ஆண் மாணவர் அந்தப் பெயரோடேயே ஆயுள் முழுக்கத் திரிவதால் அவர் 'தொடர்பில் உள்ளவர்', இவர் 'தொடர்பற்றவர்'. ஒரு நூலக அட்டை இருந்திருந்தால் இவர் தாமாகவே வந்து முகவரியை மாற்றியிருப்பார். வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? தள்ளுபடி விலைச் சேலைக்காக எவரும் பழைய கல்லூரியைத் தேடிவருவதில்லை.

நூலகத்தைத் திறப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களை நாங்கள் அறிவோம். ஆளில்லை, இடமில்லை, பாதுகாப்பில்லை, புத்தகம் திரும்பி வராது. முதல் காரணம் உண்மை. நூலகர் பணியிடங்கள் பல கல்லூரிகளில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. அதற்கான பழியைப் பழைய மாணவர் தலையில் சுமத்துவானேன்? பாதுகாப்பு என்கிறார்கள், மூன்று ஆண்டுகள் அதே வாசலில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நுழைந்தவர், பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாள் எப்படி ஆபத்தானவராகிறார்? புத்தக இழப்புக்கு ஈடு என்கிறார்கள். சேர்க்கையின்போது காஷன் டெபாசிட் என்று ஒரு தொகை வாங்கினார்களே, நினைவிருக்கிறதா? படிப்பு முடிந்ததும் மனுக் கொடுத்துத் திரும்பப் பெறவேண்டிய தொகை. ஊருக்குப் போகும் அவசரத்திலும், அந்தச் சிறு தொகைக்காக இன்னொரு நாள் அலைய வேண்டுமே என்ற சலிப்பிலும் எங்களில் பலர் அதைக் கேட்டு வாங்கவே இல்லை. அதை வைத்துக்கொள்ளுங்கள், அதுவே ஈட்டுத்தொகை. வீட்டுக்கு எடுத்துப்போகக்கூட நாங்கள் கேட்கவில்லை. உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலி, படியெடுக்க அனுமதி, சனிக்கிழமை பிற்பகல்.

மின்னிதழ்களின் கதையும் இதுதான். மாணவராக இருக்கும்வரை என்லிஸ்ட் திட்டத்தின்வழி 6,000க்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் கடவுச்சொல்லில் திறந்தன; மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கடவுச்சொல் செத்தது. 2025 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒன்றிய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது; பயனாளிகள் அரசு உயர்கல்வி நிறுவனங்களின் நடப்பு மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். பட்டம் பெற்றவர் படிப்பை நிறுத்திவிடுவார் என்பதே நம் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை. ஜேஸ்டோர் போன்ற இதழ்த் தொகுப்புகள் பழைய மாணவருக்கும் அனுமதி தருவதற்கென்றே தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. கல்லூரி கேட்டால் விவரம் கிடைக்கும். கேட்க வேண்டும்.

வெட்கக்கேடு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 2023 ஜூலை 15 அன்று மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு. மாட்டுத்தாவணியில் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தவர்கூட அங்கே போய், எவர் கடிதமும் இன்றி உட்கார்ந்து படித்துவிட்டு வரலாம். எந்த ஊர் என்றும் கேட்கமாட்டார்கள். அரசு நூலகம் அந்நியரை வரவேற்கிறது. கல்லூரி நூலகம் தன் பிள்ளையை வாசலில் நிறுத்துகிறது. அந்த நூலகம்தான் இருக்கிறதே, அங்கே போங்கள் என்று எங்களிடம் ஒரு பேராசிரியர் சொன்னார். போகிறோம். ஆனால் எங்கள் தோழியின் அப்பத்தா பாடிய ஒப்பாரி அங்கே இல்லை.

பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். சென்னை ஐஐடி 2023-24ஆம் நிதியாண்டில் பழைய மாணவர்களிடமிருந்தும் பிறரிடமிருந்தும் திரட்டியது 513 கோடி ரூபாய். 2024இல் பழைய மாணவர் ஒருவர் மட்டும் 228 கோடி ரூபாய் கொடுத்தார். அந்தக் கணக்கை எடுத்துவந்து எங்கள் கல்லூரிச் சங்கக் கூட்டத்தில் திரையில் ஒளிரவிட்டார்கள். வாடிப்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் நண்பர் அதைப் பார்த்து, "நமக்கு எவ்வளவுப்பா வருது?" என்று கேட்டார், நகைத்தார்கள். அமெரிக்காவில் நிறுவனம் நடத்தும் பொறியாளர் தருவதை இளங்கலை வரலாறு படித்த மளிகைக்காரர் தரமுடியாது. அவர் தரக்கூடியது வேறு. தம் மகளை அதே கல்லூரியில் சேர்ப்பார். வீட்டிலிருக்கும் பழைய இதழ்க் கட்டுகளை நூலகத்துக்குத் தருவார். சம்பளமின்றிப் போராடும் ஆசிரியருக்காகத் தெருவில் வந்து நிற்பார். இவை எதையும் லட்சக்கணக்கில் எழுத முடியாது என்பதால் இவை பங்களிப்பு ஆகமாட்டா.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவுக்கு, அந்தக் கல்லூரியில் படித்த எங்களில் நால்வரும் அவர்களுடைய நண்பர்களுமாகச் சேர்ந்து ஒரு தீர்மானத்தை விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். பட்டம் பெற்ற எவருக்கும் நூலகத்தில் அமர்ந்து படிக்கும் உரிமை, சந்தா கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும். எம்.ஃபில். ஏடுகள் அனைத்தையும் பட்டியலிட்டு மின்படி எடுத்தல், எழுதியவருக்கு ஒரு படி இலவசம். ஆண்டுச் சொற்பொழிவாளரைப் பழைய மாணவர் வாக்கால் தேர்தல். பொதுக்குழுவைக் கல்லூரி வளாகத்தில், நூலகத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் நடத்துதல். உணவு கல்லூரி விடுதிச் சாப்பாடாக இருந்தால் போதும்.

பொருளாளரிடமிருந்து விடை வந்திருக்கிறது. தீர்மானத்தை எடுத்துக்கொள்ள ஆயுள் உறுப்பினர் பத்துப் பேர் கையொப்பமிட வேண்டுமாம். விதிகளில் அப்படி இருக்கிறதாம். ஏழு கையொப்பம் சேர்ந்துவிட்டது. எட்டாவதாக, திருமணமாகித் தூத்துக்குடிக்குப் போய்விட்ட ஒருவரின் பெயரைத் தோழி சொல்கிறார். பதிவேட்டில் இருப்பது அவருடைய அப்பாவின் முகவரி. அந்த வீட்டை விற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தேடிக்கொண்டிருக்கிறோம்.